பின்பக்கத்துப் பாரம்

கேம்பிங் போவதற்காக, படுக்கையும் சமைக்கக் குசினியும் உள்ள ட்ரெய்லர் ஒன்றை எங்கள் பிக்கப்பின் பின்னால் கொளுவியிருந்தேன். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் சோறும் கூடவே போகும். இறங்கியவுடன் எடுக்கச் சுகம் என்று அரிசி மூட்டை, கிடாரம், இறைச்சிப் பெட்டி எல்லாவற்றையும் மனைவியும் நானும் ட்ரெய்லரின் பின்பக்கத்தில் அடுக்கிவிட்டோம்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலத்தில் பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் காற்றுப் பட்டதும் ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. ஆட்டம் கூடிக்கொண்டே போய் பிக்கப்பையும் உலுப்பியது. கீழே ஆறு. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள்.

“பிறேக்கைப் பிடியுங்கோ!” என்று மனைவி கத்தினாள்.

பிடித்தால் ட்ரெய்லர் மடிந்து வந்து எங்களையே அடிக்கும். அது தெரிந்தும் என் கால் பிறேக்குக்குத்தான் போகப் பார்த்தது. பயம் அப்படி. பிறேக்கை மிதிக்காமல், வேகம் கூட்டும் காஸ் பெடலில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். ட்ரெய்லருக்கு மட்டும் பிறேக் போடும் பிடியைக் கையால் மெல்ல அழுத்தினேன். ஆட்டம் அடங்கியது.

பாலம் கடந்து ஓரமாக நிறுத்தினேன்.

“ஆன்கோர், அப்பா!” என்று, இன்னொரு தடவை ஆட்டச் சொல்லிச் சின்னவன் பிரெஞ்சில் கேட்டான்.

“வாயை மூடடா,” என்று சொல்லி மனைவி அழுதாள்.

“பாரம் பின்னுக்கு இருக்கு. அதாலதான் ஆடினது. முன்னுக்கு மாத்துவம்,” என்றேன்.

“இங்கையே சமைப்பம். நான் இனி ஏறமாட்டன்,” என்றாள்.

பாரத்தை ட்ரெய்லருக்குள்ளேயே அதன் சில்லுகளுக்கு முன்பக்கமாக மாற்றினோம். அவள் ஏறினாள். அதன்பிறகு கண்ணாடியில் லொறி தெரிந்தபோதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்தினோம்.