இரண்டு முறை உடை மாற்றிய ஞாயிறு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதப் பௌர்ணமியன்று நடந்தது இது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் எங்கள் ஊர். சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது எங்களைப் போன்றவர்களுக்கு விடியற்காலை பெங்களூர் ரயில்தான் ஷிஃப்ட். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறேன்.

அந்த ரயிலில்தான் அவரோடு பழக்கம். ராபர்ட்சன்பேட்டைக்காரர், ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். எனக்கு இடம் பிடித்து வைப்பார், நான் இட்லி கொண்டு போவேன். ஒரு வருடம் இப்படியே போனது. நாங்கள் பௌத்தக் குடும்பம் என்பது அவருக்கு முதல் மாதமே தெரியும். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் எந்த லைன் என்று சொன்னாலே எங்கள் ஊரில் ஒருவரின் சாதி வரைக்கும் தெரிந்துவிடும், மறைக்க என்ன இருக்கிறது? என்னைத்தான் கட்டிக்கொள்வதாகவும், அதெல்லாம் தனக்கு ஒரு விஷயமே இல்லை என்றும் அவரே சொன்னார். நானும் நம்பினேன்.

முதன்முறையாக வெளியே சாப்பிடப் போகலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். இடம் இந்திராநகரில் ஒரு ஹோட்டல். எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. சாம்பல் நிறக் கம்பெனி யூனிஃபார்மில் மட்டுமே என்னைப் பார்த்தவர் அவர். நல்ல உடையில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா? பீரோவில் இருந்த அத்தனையையும் கட்டில் மேல் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அந்தப் பௌர்ணமிக்கென்றே எடுத்திருந்த வெள்ளைச் சுடிதார்தான் என்று முடிவு செய்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலிலேயே சின்னச் சின்னப் பூவேலை. பௌர்ணமிக்கு நாங்கள் வெள்ளை உடுத்தித்தான் விகாரைக்குப் போவோம். விகாரையில் வணங்கிவிட்டு அப்படியே ரயில் ஏறினால் சரியாக இருக்கும்.

காலையில் விகாரையை விட்டு வெளியே வரும்போது அவரிடமிருந்து போன் வந்தது. என்ன உடை என்று கேட்டார். சொன்னேன்.

"வெள்ளையா? இன்னா, சாவு வூட்டுக்கா வர்றே? வாட்ஸ்அப்புல ஒரு செவப்பு சுடிதார் வெச்சிருந்தியே, அத்த போட்டுக்கினு வா. பெரிய பொட்டா வெச்சுக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டு என்று நினைத்தேன். சொன்னதைச் செய்தால் சந்தோஷப்படுவார் என்றும் நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிவப்பைப் பையில் திணித்தேன். மழை வந்தால் மாற்றிக்கொள்ள என்று அம்மாவிடம் சொன்னேன். பௌர்ணமியும் அதுவுமாக அம்மா கண்முன்னால் வெள்ளையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

இந்திராநகர் மெட்ரோ நிலையக் கழிப்பறையில் உடை மாற்றினேன். தரையெல்லாம் ஈரம். பேன்ட் நுனி நனையாமல் இருக்க ஒற்றைக்காலில் நின்று படாத பாடு பட்டேன். கண்ணாடி பார்த்துப் பெரிய பொட்டாக ஒட்டிக்கொண்டேன். வெள்ளையைச் சுருட்டிப் பைக்கு அடியில் தள்ளினேன். இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புது உடை, விகாரைக்குப் போட்டுப் போன உடை, அதை அழுக்குத்துணி மாதிரி அடியில் தள்ளியிருக்கிறேன்.

ஹோட்டலுக்குள் போனால் அவர் தனியாக இல்லை. அவருடைய அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இந்தப் பக்கம் வந்தார்களாம், அப்படியே கூப்பிட்டாராம். ஆடியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள் என்பதால் எனக்கும் உடனே உறைக்கவில்லை. அண்ணி நல்ல மாதிரிதான் பேசினார். என்ன வேலை, அப்பா சுரங்கத்தில் எந்த டிபார்ட்மென்ட் என்று விசாரித்தார். பிறகு, இன்று பௌர்ணமியாயிற்றே, உங்கள் வீட்டில் திருவண்ணாமலை கிரிவலம் போகும் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அவங்க வூட்ல பக்தி ஜாஸ்தி அண்ணி. காலையிலயே அம்மன் கோயிலுக்குப் போய்ட்டுதான் வந்திருக்கா."

என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார், ஒத்துப்போ என்று.

அப்போதுதான் புரிந்தது. சிவப்பும் பொட்டும் எனக்கு அழகாக இருக்கும் என்பதற்காகச் சொன்னதல்ல. பௌர்ணமியன்று வெள்ளையில் வந்தால் நான் பௌத்த வீட்டுப் பெண் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார், அந்தச் சோற்றை என் கையாலேயே அள்ளிப் போட வைத்திருக்கிறார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எரிந்தது எனக்கு. மேஜையில் இருந்த தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினால் என்ன என்று கூடத் தோன்றியது.

ஊற்றவில்லை. கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பைக் கழற்றினேன். பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டினேன். வெள்ளைச் சுடிதார் கசங்கிப்போயிருந்தது. கையால் நீவி நீவிப் பார்த்தேன், மடிப்பு போகவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அண்ணியிடம் சொன்னேன்:

"கோயிலுக்குப் போகலக்கா. சாம்பியன்ல விகாரைக்குப் போய்ட்டு வந்தன். நாங்க நாலு தலைமுறையா பௌத்தருங்க. பௌர்ணமின்னா வெள்ளைதான் போடுவோம். இந்தத் துணியோடதான் கெளம்பினன், இவருதான் மாத்திக்கினு வரச் சொன்னாரு."

அண்ணன் போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார். அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆகற வரைக்கும்தானே சொன்னன்? அப்புறம் நீ இன்னா வேணா போட்டுக்கோ" என்றார்.

"எங்க வூட்டுக் கல்யாணத்துல பொண்ணே வெள்ளைதாங்க கட்டும்" என்றேன்.

அதற்குள் தோசை வந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம், ஆனால் நான் ஏன் போக வேண்டும்? ரயிலிலும் மெட்ரோவிலும் வந்த பசி வேறு. முழுத் தோசையையும் சாப்பிட்டேன். நடுவில் அண்ணி சாம்பார்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரக்கப்பட்டாரா, மரியாதை கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்து, அண்ணியிடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்த ரயிலில் அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் வந்த அழுகை அது. அடுத்த நாளிலிருந்து அவர் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார். நான் அதே பெட்டியில் ஏறி, அதே ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். சில மாதம் கழித்து, வீட்டாரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் செய்தேன் என்று ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நான் பதில் சொல்லி அனுப்பவில்லை.

நீ வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் நாலு நாள் அழுது தீர்த்திருப்பேன். வேண்டும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே என்னை ஒளித்து வைக்கப் பார்த்தாரே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.