தளர்ந்த மணிக்கட்டு

ஹூஸ்டனில் எங்கள் மளிகைக் கடையில் ஒருவன் கத்தியைக் காட்டிப் பணம் பறித்த மறுவாரமே, என் கணவர் இடுப்பில் செருகும் அளவில் ஒரு துப்பாக்கி வாங்கினார். அந்தச் சனியன் வேண்டாம் என்று நான் சண்டை போட்டது எடுபடவில்லை.

பயிற்சிக்கூடத்தில் அவர் சுட்டால் இரண்டாவது குண்டு ஏறாமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். குண்டை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், எண்ணெய் போட்டார். "மட்டமான சரக்கைத் தலைல கட்டிட்டான்" என்று விற்றவனைத் திட்டினார். எனக்கு உள்ளூர நிம்மதி.

பயிற்சியாளர் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் இப்படித்தான் சிக்கும் என்று சொல்லி, துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். இருந்த கோபத்தில் இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"உன் கைக்குத்தான் அது அடங்குது" என்றார் கணவர், காரில் என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளிலிருந்து துப்பாக்கியோடு கல்லாவில் என்னை நிற்க வைத்தார்.