மிச்சம் அஞ்சு ஆட்டம்

புருஷனை மண்ணுக்குள் வைத்த மறுநாளே நோரா டீச்சர் ஸ்னூக்கர் பந்தயம் பார்க்கப் போனாள். பெங்களூர் நீலசந்திராவில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களை நிறுத்த யாரால் முடியும்? நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நோரா மிஷன் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக ரெண்டாம் வகுப்புதான். வாய்ப்பாடு, ஜெபம், ஆத்திசூடி எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்து, தானும் எதையும் ஒருதரம் கேட்டால் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டிருந்தாள். புருஷன் ஆம்ப்ரோஸுக்குத் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. பிள்ளை கிடையாது. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. குடியா, குதிரைப் பந்தயமா? ஒன்றும் கிடையாது. பிரிகேட் ரோடு பக்கம் ஒரு பில்லியர்ட்ஸ் ஹால், மேஜைமேல் பந்தைக் கோலால் தட்டிக் குழியில் போடுகிற ஸ்னூக்கரும் அங்கேதான். வேலை முடிந்ததும் அங்கே போய்ச் சுவரோரம் நிற்பார். நின்று பார்ப்பார், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கோலைக் கையால் தொட்டதில்லை.

பார்த்தது முழுக்க ரங்காவை. ரங்கா அந்த ஹாலில் மார்க்கர். வருகிற துரைமாருக்கும் சேட்டுகளுக்கும் கணக்குச் சொல்வது, கோலுக்குச் சாக்கட்டி தேய்த்துக் கொடுப்பது, ஜோடி கிடைக்காதவர்களோடு ஆடி, அவர்கள் மனம் நோகாமல் தோற்றுப்போவது, இதுதான் மார்க்கர் உத்தியோகம். ஊரிலேயே அவன் கை மாதிரி கை கிடையாது. ஆனால் கோப்பைக்கு ஆடுகிற பந்தயத்தில் அவனைச் சேர்க்கமாட்டார்கள். சம்பளம் வாங்குகிறவன் புரொபஷனலாம், பெரிய மனுஷர்களோடு ஆடக்கூடாதாம். என்ன நியாயமோ! "ஒருநாள் இவன் ஜெயிக்கறதுக்குன்னு ஆடுவான் நோரா, அத நான் பாக்கணும்" என்று ஆம்ப்ரோஸ் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவார். நோரா "சரி, ரசம் ஊத்தட்டா?" என்பாள்.

அந்த நாள் வந்தது. 1957 ஆகஸ்டில், பம்பாய் வியாபாரி ஒருவர் மார்க்கர்களுக்கென்றே ஒரு பந்தயம் வைத்தார். கடைசிப் போட்டி பெங்களூரில்: பம்பாய் மார்க்கர் ஒருவனும் நம்ம ரங்காவும். மொத்தம் முப்பத்தஞ்சு ஆட்டம், திங்களிலிருந்து சனி வரை, தினம் மூணு மணிக்கு. பதினெட்டு ஆட்டம் எவன் முதலில் எடுக்கிறானோ கோப்பை அவனுக்கு. ஆறு நாளைக்கும் சேர்த்து ஒரே அட்டையாக டிக்கெட். அறிவிப்பு வந்த அன்றைக்கே ஆம்ப்ரோஸ் அதை வாங்கிவிட்டார்.

வாங்கின எட்டாம் நாள் தபால் ஆபீஸிலேயே விழுந்தார். வலது பக்கம் மொத்தமும் போய்விட்டது. பேச்சும் போய், ஒரு சொல்லில் பாதிதான் வாயில் வந்தது. நோரா அவரைத் துடைத்தாள், புரட்டிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். அவளுக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி நாள் நகர்ந்தது.

பந்தயம் தொடங்குகிற திங்கள்கிழமை காலையில் ஆம்ப்ரோஸ் இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். "போ" என்றார்.

"நானா? எனக்கு என்னங்க தெரியும் அதுல?"

"போ."

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சந்திரம்மா, "நீ ஹோகு நோராம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். ரெண்டாம் வகுப்பு ரெண்டு மணிக்கே விட்டுவிடும். நோரா குடையை எடுத்துக்கொண்டு போனாள். ரெசிடென்ஸி ரோடு தாண்டி ஒரு கிளப்பின் டான்ஸ் ஹாலில் மேஜையைப் போட்டிருந்தார்கள். முந்நூறு ஆம்பிளைகளுக்கு நடுவில் சேலை கட்டினவள் இவள் ஒருத்திதான். மூணு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து, "ரங்கா ரெண்டு, பம்பாய்க்காரன் நாலு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடி வந்து பார்த்தால் மனுஷன் முகம் கோபத்தில் சிவந்து கிடக்கிறது. "எப்...டி?" என்கிறார். "எப்டி? எப்டி?"

அவருக்கு வேண்டியது கணக்கு இல்லை, ஆட்டம். ஒவ்வொரு பந்தும் வேண்டும். இது நோராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை பக்கத்து நாற்காலிக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவர் பெயர் ஜெயராமன், ரிட்டையரான ரெவினியூ குமாஸ்தா. "ரொம்ப சுலபம் மேடம். முதல்ல ஒரு சிவப்பு, அப்புறம் ஒரு கலர். சிவப்பு குழிக்குள்ள போனா போனதுதான். கலர் திரும்பி மேஜைக்கு வந்துடும். சிவப்புக்கு ஒரு பாயிண்ட், கறுப்புக்கு ஏழு. பதினஞ்சு சிவப்பும் தீர்ற வரைக்கும் இப்படியே." நோரா கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். ஒரு சிவப்புக்கு ஒரு மணி. மணியை நகர்த்தும்போதே என்ன கலர், எந்த மூலைக் குழி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ரெண்டாவது ஆட்டத்தில் ஜெயராமன் குனிந்து, "நீங்க இவ்வளவு ஜெபம் பண்ணியும் நம்மாளு தோக்கறானே!" என்றார். அவள் சிரிக்கவில்லை. மணி தப்பிவிடுமே.

அன்றைக்கு ரங்கா ஒன்றுக்கு அஞ்சு என்று தோற்றான். ஆனாலும் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, ஆறு ஆட்டத்தையும் அவள் பந்து பந்தாகச் சொன்னாள். ஆம்ப்ரோஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கா ஒரு நல்ல அடி அடித்ததைச் சொன்னபோது இடது கை போர்வையைத் தட்டியது. இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அவள் பேசி அவர் இத்தனை ஆசையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. இவ்வளவு வருஷம் ரசம் ரசம் என்றே இருந்துவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர வலிக்கவில்லை.

புதன்கிழமை ரெண்டுக்கு நாலு. வியாழக்கிழமை மறுபடியும் ஒன்றுக்கு அஞ்சு. முடிந்தது கதை. பம்பாய்க்காரன் பதினெட்டு, ரங்கா ஆறு. பத்தொன்பது வருஷமாக மரியாதைக்குத் தோற்றுப் பழகின கை, ஜெயிக்க வேண்டிய இடத்திலும் எதிராளிக்கு வாகாகவே பந்தை நிறுத்திக் கொடுத்தது. பாவி, அவனுக்கே அது தெரியவில்லை. ஹால் பாதி காலியாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில், ஜெயித்துவிட்டான் என்று பொய் சொல்லிவிடலாமா என்று நோரா யோசித்தாள். ஆனால் இந்த மனுஷன் ஒவ்வொரு பந்தாகக் கேட்பாரே, பொய்யான பந்துக்கு அவள் எங்கே போவாள்? உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, "பதி...னொண்ணு" என்றார்.

"என்னங்க பதினொண்ணு? இன்னும் பதினோரு ஆட்டம் இருக்குன்றீங்களா? அதான் தோத்தாச்சே! இனிமே என்னத்த ஆடுவாங்க?"

"ஆடு...வாங்க. போ."

"சரி, போறேன். ஒரு பந்து விடாம வந்து சொல்றேன். இப்ப வாயத் தொறங்க."

கஞ்சி முழுசையும் குடித்தார். விடிந்து பால்காரன் மணியடித்தபோது எழுப்பப் போனாள், உடம்பு சில்லிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹோசூர் ரோடு கல்லறையில் அடக்கம். ஆம்ப்ரோஸின் அக்கா மௌரீன் ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். நோராவின் ஜெபமாலையைத்தான் அவர் கையில் சுற்றிப் பெட்டியை மூடினார்கள். நோரா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கல்நெஞ்சக்காரி" என்று பின்னால் ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அழுகை வந்தால் அழமாட்டாளா? வரவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டாள். நடக்கச் சொன்னார்கள், நடந்தாள்.

சனிக்கிழமை வீடு நிறைய ஆட்கள். ஆம்ப்ரோஸ் படுத்திருந்த கட்டிலை மௌரீன் பின்னால் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ரெண்டரை மணிக்கு நோரா எழுந்து குடையை எடுத்தாள். துக்கத்துக்குக் கட்டின வெள்ளைச் சேலை அவள் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் கட்டுகிற அதே சேலைதான்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் மௌரீன்.

"கோயிலுக்கு அண்ணி."

அவள் திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை. அது அவள் கிளம்புகிற நேரம், கால் கிளம்பிவிட்டது. ஒரு பந்து விடாமல் வந்து சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்ட வேலை ஒன்று பாக்கி இருந்தது. உலகத்தில் அவளுக்குத் தெரிந்த வேலை அன்றைக்கு அது ஒன்றுதான்.

ஹாலில் மொத்தம் ஏழு பேர். "நேத்து வரலையே மேடம்?" என்று ஜெயராமன் கேட்டார்.

"கொஞ்சம் வேலை இருந்துச்சு. தோத்தப்புறமும் ஆடறாங்களா?"

"டிக்கெட் வித்தாச்சே, ஆடித்தானே தீரணும்! நேத்து ஆறு ஆச்சு. இன்னிக்கு மிச்சம் அஞ்சு. செத்த ஆட்டம் மேடம், எந்தக் கணக்குலயும் சேராது. எனக்கு வீட்ல வேற வேலையில்ல, வந்தேன்."

மூன்றாவது ஆட்டத்தில் ரங்காவின் கை மாறிவிட்டது. ஜெயிக்கவும் வேண்டாம், மரியாதைக்குத் தோற்கவும் வேண்டாம் என்றானபிறகு அந்தக் கை என்ன ஆட்டம் ஆடியது என்கிறீர்கள்! சிவப்பு, கறுப்பு. சிவப்பு, கறுப்பு. நடுவில் ஒரு நீலம், ரெண்டு தடவை ரோஸ், மறுபடியும் கறுப்பு. நோராவிடம் ஜெபமாலை இல்லை. இடது கை விரல்கணுக்களில் எண்ணினாள். நாலு விரலில் பன்னிரண்டு கணு தீர்ந்து, கட்டைவிரலின் ரெண்டு கணுவும் தீர்ந்தபோது பதினாலு சிவப்பு போயிருந்தது. அதற்கப்புறம்தான் ரங்கா ஒரு கலரைத் தவறவிட்டான். "ஒரே மூச்சுல நூத்தி ஒண்ணு!" என்று ஜெயராமன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஏழு பேரும் கை தட்டினார்கள். பம்பாய்க்காரன் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ரங்காவைக் கட்டிக்கொண்டான்.

ஆட்டங்கள் முடிந்ததும் ரங்கா நேரே நோராவிடம் வந்தான். உடம்பெல்லாம் வேர்வை, கண்ணில் தண்ணீர். அவனுக்கு ஆம்ப்ரோஸ் படுத்திருந்தது மட்டும்தான் தெரியும்.

"டீச்சரம்மா, என் ஆயுசுல நூறு போட்டது இதுதான் மொதல் தடவை. அண்ணன் பாக்கணும்னு இருந்தாரே! போய் ஒரு பந்து விடாம சொல்லுங்க. அவருக்குத்தான் இது புரியும்."

"சொல்றேன் ரங்கா" என்றாள் நோரா. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தாள். யாரோ தெரிந்தவர்கள் எதிரில் வந்து துக்கம் விசாரித்தார்கள். பதில் சொன்னால் எங்கே பந்து விட்டுப்போகுமோ என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

வாசலில் மௌரீன் காளி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். "கோயிலுக்கா போன? ஃபாதரே இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போறாரு! எங்கடி போன?"

"மேட்ச்சுக்கு அண்ணி."

"அடிப் பாவி! நேத்துத்தானேடி மண்ணு போட்டோம்?"

"ரங்கா நூத்தி ஒண்ணு அடிச்சான் அண்ணி. நூத்தி ஒண்ணு."

மௌரீனுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "என்ன, ஜெயிச்சிட்டானா?"

"இல்ல. அவன் வியாழக்கிழமையே தோத்துட்டான்."

"பின்ன தோத்த ஆட்டத்த என்னத்துக்குப் போய்ப் பாத்துட்டு வர?"

"வந்து சொல்லணும்ல?"

"யாருகிட்டடி?"

மௌரீன் குத்திக் காட்டுவதற்குக் கேட்கவில்லை. வாயில் வந்தது, கேட்டுவிட்டாள். நோரா திரும்பி உள்ளே பார்த்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரை கழுவிக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் உட்காருகிற ஸ்டூலை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. "என்னங்க" என்றாள். இன்னொரு தடவை "என்னங்க" என்றாள். அப்புறம் அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஓவென்று அலறினாள்.

சந்திரம்மா ஓடி வந்தாள். தெருவே வந்தது. நோரா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். மற்றவர்கள் ராசா, சாமி என்று சொல்லி அழுவார்கள். இவள், "மொத சிவப்பு இடது மூலைங்க! அதுக்குக் கறுப்புங்க! ரெண்டாஞ் சிவப்பு நடுக்குழிங்க! அதுக்கும் கறுப்புங்க!" என்று அழுதாள். சித்தம் கலங்கிவிட்டது என்று ரெண்டு பேர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். ஆறாம் சிவப்புக்கு வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

மௌரீன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை. நோராவின் முதுகில் கை வைத்து, "சரிடி, அப்புறம்?" என்றாள்.