நான்காவது புத்தகத்தில் ஒரு பென்சில் கோடு

நூலகத்துக்கு வருகிறவர்கள் அவளைச் சீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். ஆடுகிற சீட்டும் அவளுக்குத் தெரியாது, பிடிக்கிற சீட்டும் தெரியாது. வாசலுக்கு எதிரே இருக்கும் அலமாரியில் மாதாமாதம் நான்கு புத்தகங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் சிபாரிசு எழுதிய ஒரு சீட்டைச் செருகுவது அவள் வேலை. படைப்பாற்றல் ஒன்று, சுயமுன்னேற்றம் ஒன்று, கலை ஒன்று, இறைநம்பிக்கை ஒன்று. பத்தொன்பது வருடத்தில் ஒரு மாதம் தவறியதில்லை. அவள் சீட்டைப் படித்துவிட்டு ஒரு வங்கி மேலாளர் புல்லாங்குழல் கற்கப் போனாராம். அவர் தெரு நாய்கள் ஒரு வாரம் வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டனவாம். முதல் பாதி நிச்சயம் உண்மை.

ஒரு சங்கதி மட்டும் வெளியே தெரியாது. அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை.

அவளிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. முன்னால் படித்தவர்கள் பென்சிலால் கோடு போட்டு வைத்த இடங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பாள். கோடு நிறைய இருந்தால் நல்ல புத்தகம்; நல்ல கோட்டுக்கு மேலே இருக்கும் வரி சீட்டுக்குப் போகும். கோட்டை வைத்து ஆளையே சொல்லிவிடுவாள். நெளிந்தால் பஸ்ஸில் படித்தவர். அடிக்கோல் வைத்து இழுத்தால் கணக்கு வாத்தியார். பக்கம் முழுக்க இழுத்திருந்தால் புதிதாகக் கல்யாணம் ஆனவர். அவள் இப்படித்தான் சீட்டு எழுதுகிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவளுடைய கணவர். தச்சர். அவளுடைய அண்ணனின் மரப்பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவர்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று சீட்டுகளை எழுதிச் செருகி, அலமாரியில் வைத்துவிட்டாள். படைப்பாற்றல் புத்தகத்திலிருந்து, 'மூச்சு முட்டுகிற இடத்தில் எதுவும் முளைக்காது.' சுயமுன்னேற்றத்திலிருந்து, 'போக வேண்டும் என்று தெரிந்த பிறகு நிற்பது பொறுமை ஆகாது.' கலையிலிருந்து, 'முதல் கோடு விழுந்த தாள் மறுபடி வெள்ளைத்தாள் ஆவதில்லை.' இந்த மாதம் வரிகள் ஜோராக அமைந்துவிட்டன என்று அவளுக்கே பெருமை. நான்காவது புத்தகத்தைப் பிரித்தாள். 'விட்டுப் போகிறவனோடும் கடவுள் கூடவே நடக்கிறார்.' அடியில் தடித்த கோடு. கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி.

தச்சர்கள் காதில் செருகும் தட்டைப் பென்சிலால் அப்படித் தடிமனாக இழுத்து, பலகையில் அளவு முடிகிற இடத்தில் அப்படிக் கொக்கி போடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் சட்டையைத்தான் காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மற்ற மூன்றையும் பிடுங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கொக்கி; வரியின் ஜோரில் மூன்று முறையும் கோட்டைக் கவனிக்கத் தவறியிருக்கிறாள். எல்லா வரியும் விட்டுப் போவதைச் சொல்கிற வரி. தன் புருஷன் வீட்டைவிட்டுப் போகப்போகிறார் என்பதைத் தன் கையாலேயே, அதுவும் முத்து முத்தாக எழுதி, ஊர் பார்க்கச் செருகி வைத்திருக்கிறாள்.

இரவல் பதிவேட்டைப் புரட்டினாள். நான்கு புத்தகத்தையும் ஒரு வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கோட்டில் தடவினால் விரலில் கரி ஒட்டியது. அப்படியானால் கோடு போட்டது இங்கேயே, மாடி வாசிப்பு அறையில். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேசையில் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா, காதில் பென்சில், கையில் ஐந்தாவது புத்தகம்.

"என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன்னையா? உன் அண்ணனை விட்டாச்சு. மூணு வாரமாகுது."

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாக ஏழரைக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கென்று கிளம்பியவர், பின்பக்கப் படி வழியாக ஏறி அவள் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். புதுவிதமாக ஒரு நாற்காலி வரைந்து காட்டினாராம். அண்ணன் ஆட்கள் முன்னால் அந்தத் தாளால் கையைத் துடைத்துவிட்டு, "மாப்பிள்ளை, யோசிக்கிறது என் வேலை, அறுக்கிறதுதான் உங்க வேலை" என்றாராம். இவர் ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டு நடந்து வந்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நாலு புத்தகத்துல சொல்லியிருக்கேன். நீ கோடு போட்டதை மட்டும்தானே படிப்பே."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ அவர் பக்கம்தான் பேசுவே."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "அண்ணனுக்கு ரொம்பக் கோபமா?"

அவர் புத்தகத்தை மூடினார். அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதிலேயே விழுந்தது. யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இவர் வீட்டில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் இதைத்தான் கேட்டிருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து, இவர் எதிரே உட்கார்ந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது. அண்ணனும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தான் சொல்லாமலே இவர் பட்டறைக்குத் திரும்பி வந்துவிடுவார், தங்கை அனுப்பி வைப்பாள் என்ற நம்பிக்கை.

அங்கேயே கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணே, நான்தான். இவர் இனிமே பட்டறைக்கு வரமாட்டார்."

"மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன். ஆளுங்க முன்னாடி சொன்னதை அதே ஆளுங்க முன்னாடி நீங்க திரும்ப எடுத்துக்கணும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல உங்களுக்குத் தட்டு கிடையாது."

அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. தொடர்பு போய்விட்டது.

வாசிப்பு அறையில் இருந்த ஏழு தலைகளும் திரும்பியிருந்தன. பேசாதீர்கள் என்று இத்தனை வருடமாக அவர்களை அதட்டியவள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். கணவர் மரத்தில் செதுக்கி வைத்த மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா பேசினே?" என்றார் கடைசியில்.

"அப்படித்தான் இருக்கு" என்றாள் அவள்.