என் குரலில் பேசிய ரோபோ

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பேசாலைக்குத் திரும்பிய அடுத்த வருடம், என் மகளுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னார். அவளுக்கு ஆறு வயது. பேசுவாள், ஆனால் யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டாள். ஒருவரின் கையைப் பிடித்தால் நகம் பதியும்வரை விடமாட்டாள். முகாமில் நான் வளர்த்த வளர்ப்புத்தான் அது என்று ஊரில் சொன்னார்கள்.

அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பெண்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு ஒரு ரோபோவைக் கொண்டுவந்து, இப்படியான பிள்ளைகளை அதோடு பழக்கினார்கள். முழங்கால் உயரம் இருக்கும். மெல்லத் தடவினால் சிரிக்கும். இறுக்கிப் பிடித்தால் தலை குனிந்து, வலிக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும்.

"என்ர பிள்ளைக்கு இது விளங்காது. தமிழில சொல்ல வையுங்கோ," என்றேன்.

"அடுத்த வருசம் பாப்பம் அம்மா."

"இப்பவே என்ர குரலைப் பதியுங்கோ. பதியுமட்டும் நான் எழும்பமாட்டன்."

பதிந்தார்கள்.

மகள் அதன் கையை நசுக்கினாள். "நோகுது," என்றது, என் குரலில். விட்டாள். மறுபடி நசுக்கினாள். மறுபடி, "நோகுது." மூன்றாம் முறை நானென்றால் அடித்திருப்பேன், அடித்தும் இருக்கிறேன். அதற்குக் கோபமும் இல்லை, அலுப்பும் இல்லை.

"மாதாவிட்டக் கேக்காமல் மெசினிட்டயோ கேக்கிறாய்?" என்றாள் மச்சாள்.

"மாதாவிட்டயும் கேக்கிறன். இங்கயும் கூட்டிக்கொண்டு வாறன்."

ரோபோவோடு பழகிய ஆறாவது வாரம், வீட்டில் மீன் வெட்டும்போது கெளுத்தி முள் குத்தி நான் கத்திவிட்டேன். மகள் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "நோகுதா?" என்று கேட்டு, நகம் படாமல் என் கையைத் தொட்டாள். முள்ளின் கடுப்பை மறந்து அழுதேன்.

ரோபோவைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன்.

"மற்றப் பிள்ளையளைக் கிள்ளுவா. ஏலாது," என்றார் அதிபர்.

"கிள்ளினால் நான் வந்து பிடிக்கிறன். வாசலிலயே இருக்கிறன்."

மூன்று நாட்கள் அவருடைய கந்தோர் அறை வாசலில், வெறும் சீமெந்தில், மகளோடு இருந்தேன். நான்காம் நாள் அவரே வந்து, "வகுப்புக்குள்ள கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார்.

முதல் மாதம் இரண்டு பிள்ளைகளைக் கிள்ளினாள். அவர்களின் தாய்மார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மகளை நிறுத்தவில்லை. இன்று அவள் ஐந்தாம் வகுப்பு. தெரியாதவர் முகத்தை இப்போதும் பார்க்கமாட்டாள். "மாமாவைப் பார்" என்று யாராவது அவள் நாடியைப் பிடித்து நிமிர்த்தினால், அந்தக் கையை நான் தட்டிவிடுகிறேன்.