மூன்று ஒரிஜினல்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பார்த்தவள் நான். ஒரு எழுத்து மாறினாலும் பேங்க் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடும். அதைச் சமாளித்தே பழகியதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் ஸ்டிட்சிங் செக்‌ஷன் பெண்கள் பதினோரு பேர், வேலூரில் ஒரு சின்ன சினிமா கம்பெனியில் பணம் போடக் கிளம்பினார்கள். ஓடிடி உரிமையை அடகு வைத்துக் கம்பெனி கடன் வாங்கியிருக்கிறது. படம் விற்றதும் கடன் போக மீதியில் இவர்களுக்குப் பங்கு. சூப்பர்வைசர் நசீமாக்கா என்னிடம் வந்தார்.

"கலா, நீ ஒரு தபா பேப்பரைப் பாத்துடும்மா. பொண்ணு நிக்காவுக்கு வெச்ச காசு."

வேலூர் லாங் பஜாரில் ஒரு மாடியில் சினிமா கம்பெனி ஆபீஸ். தயாரிப்பாளர் ஃபைலை என் கையில் கொடுத்தார். "எல்லாம் இதுல இருக்கு மேடம்."

கடன் அக்ரிமெண்ட் மூன்று இருந்தன. ஒரே தலைப்பு, ஒரே தொகை, மூன்றிலும் ஒரிஜினல் கையெழுத்து, முத்திரை. கப்பலில் சரக்கு ஏறினால் வரும் பில் ஆஃப் லேடிங்கும் மூன்று ஒரிஜினலாகத்தான் வரும். மூன்றும் இருந்தால் ஃபுல் செட். என் மனசு குளிர்ந்துபோனது. பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். "பாத்துட்டேன்க்கா, கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஒரு பில் ஆஃப் லேடிங் செட்டை மேஜையில் பரப்பி, மூன்றிலும் ஒரே பெயர்தானா என்று ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அந்த மூன்று அக்ரிமெண்ட் ஞாபகம் வந்தது. அவற்றில் நான் பெயரைப் பார்க்கவே இல்லை. போனைத் திறந்தேன். கடன் கொடுத்தவர் சென்னைக்காரர் ஒருவர், குடியாத்தத்துக்காரர் ஒருவர், வேலூர்க்காரர் ஒருவர். ஒரு கடனின் மூன்று ஒரிஜினல் இல்லை. ஒரே உரிமையின் மேல் மூன்று கடன். படம் விற்றாலும் மூன்று பேருக்கும் கொடுத்தது போக மீதி என்று எதுவும் இருக்காது.

ஸ்டிட்சிங்குக்கு ஓடினேன். மெஷின் சத்தத்தில் கத்தினேன். "யாரும் பணம் போடாதீங்க!"

பத்துப் பேர் சம்பள நாளுக்காகக் காத்திருந்தார்கள். நசீமாக்கா மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்தே போட்டுட்டேனே. நீதான் பாத்துட்டேன்னு சொன்னியே, அப்புறம் இன்னா யோசனைன்னு."

பணத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு பேரும் லாங் பஜாருக்குப் போனோம். தயாரிப்பாளர் குரலை உயர்த்தவே இல்லை. "நான் எதையும் மறைக்கல மேடம். மூணையும் உங்க கைலதான குடுத்தேன்." அவர் சொன்னது உண்மை.

படம் இன்னும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. நிக்கா தள்ளிப்போய்விட்டது. நசீமாக்கா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழகின பேப்பர் மாதிரி தெரிந்தால் அங்கேதான் பயப்படுங்கள். அன்றைக்கு எனக்குப் பயமே வரவில்லை. நான் பார்த்துவிட்டதால் நசீமாக்காவுக்கும் வரவில்லை.