இங்கே கோடு இல்லை: கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் ஒரு கிளிஞ்ச் பயிற்சி

போன ஞாயிற்றுக்கிழமை கோல சிலாங்கூர் பக்கம் போனது மின்மினிப் பூச்சி பார்க்க அல்ல, என் கழுத்தைச் சோதித்துப் பார்க்க. போன வருடம் ஒரு கிராப்ளிங் மல்லுப் போட்டியில் எதிராளி என் பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்ததில், வலது கை வாரக்கணக்கில் மரத்துக் கிடந்தது. மெதுவாகத் தொடங்கலாம், மறுபடி மரத்தால் அத்தோடு விளையாட்டையே நிறுத்திவிட வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் குமரன் அதைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார். நாற்பது வயதில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு விளையாட்டுதான். பயமாகத்தான் இருந்தது.

சுங்கை சோவிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகும், நாங்கள் மாட்டினோம். ஜெராம் சாலையிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பியதும் கூகுள் மேப்பை நம்பாதீர்கள், அது தொழிலாளர் லயத்துக் கோழிக்கூண்டில் கொண்டுபோய் விடும். அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டோம்.

"கட்டிப் புடிச்சு உருளுவாங்களே, அதுவா? கோயில் தாண்டி நீலக் கூரைலா. ரெண்டு பேருமா உருளப் போறீங்க?"

குமரன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

பயிற்சிக் கட்டணம் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்). சொல்லித் தருபவர் கஸ்தூரி. வார நாட்களில் பத்தாங் காலியில் தொழிற்சாலை வேலை, ஞாயிறானால் இந்த நீலக் கூரை மண்டபம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கிராப்ளிங் என்பது சட்டையைப் பிடிக்காத மல்லு. வியர்வையில் கை வழுக்கும். அதனால் நின்றபடி நெருங்கும்போது பிடரி, முழங்கை, அக்குள் என்று உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிக்குப் பெயர் கிளிஞ்ச்.

கஸ்தூரி என் பிடரியில் கை போட்டார். நான் மூச்சை அடக்கிப் பின்னால் இழுத்தேன். அவ்வளவுதான், முகம் பாயில் இருந்தது. மறுபடியும் அதே கதை.

"அக்கா, சின்னதுல கபடி ஆடுனீங்களா?"

"தோட்டத்துல ஆடாதவங்க யாரு?"

"அதான். யாரு புடிச்சாலும் கோட்டுக்கு ஓடுறீங்க. இங்க கோடே இல்லலா! மூச்ச விடுங்க மொதல்ல. விட்டுட்டு உள்ள வாங்க."

எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பின்னால் இழுத்தால் நம் கழுத்தை நாமே நீட்டிக் கொடுக்கிறோம். நிமிர்ந்து நின்று, இடுப்பை நெருக்கி, நெற்றியை எதிராளியின் கன்னத்தோரம் அழுத்த வேண்டும். பிடரியைப் பிடித்த கையின் முழங்கையைக் கீழிருந்து தூக்கி, அதன் அடியில் தலையை நுழைத்தால் எதிராளியின் முதுகுப் பக்கம் போய்விடலாம். சொல்ல எளிது. எனக்கு அன்றைய காலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

கடைசிச் சுற்றில் அது சரியாக வந்தது. மூச்சை விட்டேன், உள்ளே போனேன், முழங்கையைத் தூக்கி நுழைந்தேன். கஸ்தூரியின் முதுகுக்குப் பின்னால் நான்! ஐயோ, என்ன சந்தோஷம்! இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோக்கப் போனேன். வலது கை கோக்கவில்லை.

"சூப்பர்க்கா! இன்னொரு தடவ?"

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. "வேணாம்மா. கை மரத்துப் போச்சு," என்றேன். கஸ்தூரி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அழுதுவிட்டேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: நகம் வெட்டிக்கொண்டு போங்கள். துண்டு இரண்டு வேண்டும், மண்டபத்தில் காற்றே வராது. முடிந்ததும் ஜெராமில் மீன் சாப்பிடலாம், இருவருக்கு நாற்பது வெள்ளிக்குள் முடியும். கழுத்தில் பழைய அடி இருந்தால் பிடி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். மரத்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். நுணுக்கம் சரியாக வந்துவிட்டால் உடம்பும் ஒத்துழைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

வண்டியில் ஏறியதும், "முடிஞ்சிருச்சுங்க," என்றேன். கொஞ்ச தூரம் போனதும் குமரன் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.